கோபுரத்துக்கு ஒரு பங்கு

பூவரசந்துறைக்குப் பின்னால், தேரிக்காட்டுச் செம்மண்ணில் கட்டியிருந்த சின்ன விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரம், ஒரு நாள் காலையில், படுத்திருந்த எருமை எழுந்திருப்பதைப் போல முதலில் பின்னங்கால்கள் இரண்டையும் பிறகு முன்னங்கால்கள் இரண்டையும் மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டு எழுந்து, ஒரு தடவை உடம்பை உதறி, பனைகளுக்கு நடுவே பதனமாக வழி பார்த்து நடந்து, உப்பளத்து வரப்பை மிதிக்காமல் தாண்டி, கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்து, கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீரில் இறங்கி நின்றது. அதன் உச்சியில் இருந்த கண்ணாடி அறையில் அப்போது மங்கையர்க்கரசி பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். டீ கொஞ்சம் சிந்தியது. வேறு சேதம் ஒன்றுமில்லை.

ஏன் நடந்தது என்று அந்தப் பக்கத்தில் யாரும் பெரிதாக மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கட்டி முடித்த நாளிலிருந்து அந்தக் கோபுரம் விடிந்தால் கடலைப் பார்க்கிறது, பொழுது அடைந்தால் கடலைப் பார்க்கிறது, இத்தனை நாள் பொறுத்துக்கொண்டு நின்றதே பெரிய விஷயம் என்று பேசிக்கொண்டார்கள். மின்கம்பிகள் எப்படி அறுபடாமல் கூடவே போயின என்று கேட்கிறவர்கள் விமான நிலையத்து எலக்ட்ரீஷியனைக் கேட்டுக்கொள்ளலாம், அவருக்கும் தெரியாது.

மங்கையர்க்கரசி தர்மபுரிப் பக்கத்துக்காரி. அவள் ஊரில் ஏரி என்றால் மழைக்காலத்தில் தண்ணீர், மற்ற காலத்தில் கிரிக்கெட். விமானங்களுக்கு இறங்கவும் ஏறவும் அனுமதி கொடுக்கிற வேலைக்கு வந்து, இந்தக் கோபுரத்தின் உச்சியில் உட்கார்ந்து, கடலை ஒரு நீலக் கோடாக மட்டும் தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நிலையத்துக்கு நாளுக்கு ஒரே ஒரு விமானம், மாலையில் வந்து ஆட்களை இறக்கிவிட்டு, ஏற்றிக்கொண்டு போகும். பெரும்பாலும் அதே பெண் விமானிதான் ஓட்டி வருவாள். லேசாகக் கம்மிய குரல், பேசும் முன் ஒரு தடவை தொண்டையைச் செருமுவாள். பெயர் தெரியாது. விமானத்தின் எண்தான் பெயர், ஏழு சைபர் நாலு. அவளுக்கு மங்கையின் பெயரும் தெரியாது, "கோபுரம்" என்றுதான் கூப்பிடுவாள். இறங்க அனுமதி, நன்றி, நல்ல மாலை, அவ்வளவுதான் பேச்சு. மங்கை இதுவரை மண்ணில் இறக்கிவிட்டவர்களை ஒன்றாக நிற்க வைத்தால் ஒரு திருவிழாக் கூட்டம் தேறும், அதில் ஒரு முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. அவள் கீழே இறங்கி வருவதற்குள் எல்லோரும் காரேறிப் போயிருப்பார்கள். அவளுக்கு அது மனதில் கிடந்து அரித்தது, ஆனால் யாரிடம் போய்ச் சொல்லுவாள்?

கோபுரம் கரையில் போய் நின்ற நேரத்தில் பூவரசந்துறை ஆட்கள் கரைமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலில் அரை வட்டமாக விரித்த பெரிய வலையின் இரண்டு கயிற்றையும் கரையில் நின்று ஊரே பிடித்து இழுக்கிற வேலை அது. சாளை மீன் மொத்தமாக மாட்டி வலை கல்லாகக் கனத்தது. வடக்குக் கயிற்றில் நின்றவர்கள் கால் வழுக்கி, இழுத்த இழுப்பில் கயிறு கோபுரத்தின் முன்னங்காலைச் சுற்றிக்கொண்டது. கோபுரம் லேசாகப் பின்னால் சாய்ந்து கொடுத்தது. மடி வெண்ணெய் வழுக்குவது போல மணலில் வந்து ஏறியது.

இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கயிற்றைத் தொட்டவர்கள் யாராக இருந்தாலும், வழிப்போக்கராகவே இருந்தாலும், மீனில் ஒரு கூறு அவர்களுக்கு. தொட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, கையை நீட்ட வேண்டும், உள்ளங்கையில் கயிற்றுத் தடம் சிவந்திருக்க வேண்டும். மடிக்குச் சொந்தக்காரரான கஸ்பார் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே போய்க் கூறு போடுவார். தன் சொந்த மச்சினன் கையையும் அப்படித்தான் திருப்பிப் பார்ப்பார். அன்றைக்கும் பார்த்துக்கொண்டு வந்தவர் கோபுரத்தடியில் நின்றுவிட்டார்.

"இதுக்கு உண்டா இல்லியா, இப்பமே பேசிருங்க," என்றான் மச்சினன். "பொறவு வம்பு ஆயிரப்பிடாது."

"அதுக்குக் கை எங்கல இருக்கு?"

"காலைப் பாருங்க."

கஸ்பார் குனிந்து பார்த்தார். முன்னங்காலில் பெயிண்ட் உரிந்து, சிமெண்ட் தெரிய ஒரு வரி வட்டமாக ஓடியிருந்தது. விரலால் தடவியும் பார்த்தார்.

"தடம் தடந்தான். ஒரு கூறு வையி," என்றார். பிறகு அண்ணாந்து, கண்ணுக்குக் கை வைத்துக்கொண்டு, "ஏ மவளே! நீ கயித்தத் தொட்டியா?" என்று கத்தினார்.

மங்கை கண்ணாடியைத் திறந்து, "இல்லீங்க!" என்றாள்.

"அப்பம் ஒனக்குக் கெடையாது. குத்தமா நெனைக்காத, என்னா?"

ஆனால் கஸ்பாரின் மனைவி இஞ்ஞாசியம்மாள் அதற்குள் கோபுரத்தின் கூறைத் தன் பனையோலைக் கடகத்தில் அள்ளிப் போட்டிருந்தாள். "கோபுரத்துக்கு வாயா இருக்கு திங்கதுக்கு? நான் கொழம்பு வைக்கேன், அதுக்குப் பதிலா அந்தப் புள்ள திங்கட்டும். எறங்கி வா மவளே. சாப்ட்டியா நீ?"

சாப்பிட்டியா என்று அவளை யாரும் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. மேலிருந்து கேட்ட மங்கை கண்ணாடியைச் சாத்திவிட்டு இறங்கினாள். படியிறங்கும்போது அழுதாள் என்பதையும் இங்கே சொல்லிவிடுவதுதான் முறை.

விமான நிலைய மேலாளர் தங்கப்பழம், பாவம், நல்ல மனுஷன், அந்த நேரத்தில் கோபுரம் விட்டுப்போன நான்கு குழிகளுக்கு நடுவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டுச் சொன்னார். நடப்பதாக இருந்தால் அது கட்டடப் பிரிவில் வராது, வண்டிப் பிரிவைக் கேளுங்கள் என்றார்கள். வண்டிப் பிரிவில், சக்கரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். கால் இருக்கிறது என்றார். காலுக்கு எங்களிடம் பிரிவு இல்லை என்று போனை வைத்துவிட்டார்கள். ஆனால் மாலை விமானம் வருவதற்கு வெகு முன்பே கோபுரம் தானாகத் திரும்பி வந்து, ஓடுபாதை ஓரப் புல்லில் பாதங்களைத் தேய்த்துத் துடைத்துவிட்டு, தன் குழிகளுக்குள் கால்களை இறக்கி, காலையில் எங்கே போயிருந்தாய் என்று யாராவது கேட்டால் எங்கும் போகவில்லையே என்று சொல்லக்கூடிய முகத்தோடு நின்றது. தங்கப்பழம் பெருமூச்சு விட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனார். விமானம் வருகிற நேரத்துக்கு இருந்தால் சரி, மற்ற நேரம் அது அதன் பாடு.

அன்றிலிருந்து கோபுரம் தினமும் காலையில் கடலுக்குப் போனது. பூவரசந்துறை அதற்குப் பழகிப்போன வேகத்தை நினைத்தால் எனக்கே மூக்கின்மேல் விரல் போகிறது. கோபுரத்தின் நிழல் நகர நகர மீன் ஏலமும் கூடவே நகர்ந்தது. பெண்கள் அதன் படிக்கம்பியில் வலையைக் காயப் போட்டார்கள், திருவிழாவுக்குப் பந்தல்காரன் அதன் தலையிலிருந்து தோரணம் இழுத்தான், பங்குச் சாமியார் வந்து நான்கு காலுக்கும் தீர்த்தம் தெளித்துவிட்டு ஐந்தாவதாக மங்கையின் தலையிலும் தெளித்தார். அவள் சிவன் கோயிலுக்குப் போகிறவள் என்று யாரோ சொன்னதற்கு, தண்ணீர்தானே, காய்ந்துவிடும் என்றார்.

மங்கையும் சும்மா இருக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் கை கட்டி உட்கார்ந்து பழக்கமில்லாதவள், படகுகளிலும் ரேடியோ இருப்பதைப் பார்த்ததும் அவற்றையும் இறக்கத் தொடங்கிவிட்டாள். அதற்கு முன்னால் பூவரசந்துறையில் வரிசை என்ற ஒன்று கோயிலில் நற்கருணை வாங்கும்போது மட்டும்தான், கரைக்கு வரும்போது எல்லாப் படகும் ஒரே சமயத்தில் பாயும், ஒன்றன் மூக்கு மற்றதன் விலாவில் இடிக்கும், அதன்பிறகு இரண்டு குடும்பம் பொங்கல் வரை பேசாது. இப்போது படகுகள் அலைக்கு வெளியே நின்று, கரகரவென்ற ரேடியோவில், "கோபுரம், அந்தோணியார் படகு வந்திருக்கு, எறங்கலாமா?" என்று கேட்க ஆரம்பித்தன. "அந்தோணியார் இறங்கலாம். செபமாலை மாதா காத்திருக்கவும்," என்பாள் அவள். மாதாவைக் காக்க வைக்கலாமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சண்டை நடந்து, கடைசியில் மாதா எப்போது வந்தாலும் முதலில் இறங்கலாம் என்று முடிவாயிற்று. அந்தப் படகுக்காரன் அதற்குப் பிறகு நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே!

அவள் கோபுரத்தின் கூறைத்தான் தினமும் சாப்பிட்டாள். சாளைக் குழம்பு, நெத்திலி அவியல், பாரை பொரித்தது. கோபுரம் முழுவதும் மீன் வாடை ஏறிவிட்டது என்று தங்கப்பழம் மூக்கைப் பிடிப்பார், பிடித்துக்கொண்டே, "நேத்து அந்தக் கொழம்பு மிச்சம் இருக்காம்மா?" என்பார். இஞ்ஞாசியம்மாளின் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுப்படிக்குப் போகும் உரிமை மங்கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் கூறு போடும் நேரத்தில், வரிசையாக நீட்டிய கைகளைக் கஸ்பார் பார்த்துக்கொண்டு போகும்போது, அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பாள். கொடுப்பதையெல்லாம் சாப்பிடுகிறோம், ஆனால் விருந்தாளியாகத்தான் என்ற நினைப்பு அவளை விடவில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில், தலைமை அலுவலகத்துக்கு மறுபடியும் கோபுரத்தின் ஞாபகம் வந்தது. கட்டடமும் இல்லை வண்டியும் இல்லை என்றால் அது இருக்கவே வேண்டாம், இடித்துவிடலாம், மாலை விமானத்தைச் சென்னையிலிருந்தே திரையில் பார்த்து இறக்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். மங்கைக்கும் சென்னையில் ஓர் இடம் ஒதுக்கினார்கள். குளிர்சாதன அறை, பெரிய திரை, ஜன்னல் கிடையாது. எதற்கும் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு இடிப்போம் என்று பத்ரிநாராயணன் என்ற அதிகாரி மாலை விமானத்தில் புறப்பட்டார். அவர் புறப்பட்ட அன்றைக்குத்தான் புயலும் புறப்பட்டது.

காலையிலேயே கடல் கறுத்துக் கிடந்தது. கோபுரம் வழக்கம்போலக் கரைக்கு வந்தது. வெளியே போயிருந்த படகுகளையெல்லாம் மங்கை ஒவ்வொன்றாக உள்ளே கூப்பிட்டுக் கரையேற்றினாள். கடைசிப் படகும் ஏறிய பிறகு, விமானம் வர நேரம் கிடக்கிறது, ஒரு வாய் சோறு தின்றுவிட்டுப் போ என்று இஞ்ஞாசியம்மாள் இழுத்துக்கொண்டு போனாள். சோற்றில் கை வைத்த மங்கை பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

"என்ன மவளே, உப்புக் கொறச்சலா?"

"இல்லக்கா. ஆபீசர் ஒருத்தர் இன்னிக்கு வர்றார். கோபுரத்த எடுத்துடப் போறாங்க. என்னையும் மெட்ராஸுக்கு மாத்தியாச்சு."

இஞ்ஞாசியம்மாள் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள். பிறகு, வெளியில் கோழியை அடைத்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். கோழியை அடைக்கவில்லை, நேராகக் கரையில் நின்ற கஸ்பாரிடம் போய் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

இந்த இடத்தில் பூவரசந்துறை ஆட்கள் செய்ததை, அவர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். புயல் வந்தால் அவர்களுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான், கரையில் நிற்பதைக் கட்டிப்போடுவது. எது தங்களுடையதோ அதைக் கட்டிப்போடுவார்கள், நங்கூரம் இறக்குவார்கள், சுற்றிலும் மணலை வெட்டிப் புதைப்பார்கள். "காத்தும் வருது, ஆபீசரும் வாராரு," என்றார் கஸ்பார். "ரெண்டுக்கும் கெட்டுதாம்ல மருந்து." அவ்வளவுதான், படகுக்குப் படகு பேசாமல் இருந்தவன்கூட மண்வெட்டியோடு வந்துவிட்டான். கோபுரத்தின் நான்கு காலையும் சுற்றிக் குழி பறித்து, முழங்கால் வரை இறக்கி, மணல் மூட்டை அடுக்கி, ஊரில் இருந்த கனமான நங்கூரங்களையெல்லாம் அதன் கால்களில் பிணைத்து, கடலே வந்து கேட்டாலும் தரமாட்டோம் என்கிற மாதிரி முடிச்சுப் போட்டார்கள். கோபுரமும் அன்பாகச் செய்கிறார்கள் என்று காலைக் கொடுத்துக்கொண்டு சும்மா நின்றது. அலை வந்து வந்து அந்த மணலை இறுக்கிவிட்டுப் போனது.

மங்கை கை கழுவிவிட்டு வெளியே வந்தபோது மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது.

"என்ன பண்ணிட்டீங்க அண்ணாச்சி!"

"கெட்டிப் போட்டுட்டோம் மவளே," என்றார் கஸ்பார், முகமெல்லாம் பல்லாக. "இனும ஒரு பய கொண்டுபோவ முடியாது."

அவள் போன் அடித்தது. தங்கப்பழம் மறுமுனையில் அழாத குறையாகப் பேசினார். பனை விழுந்து மின்சாரம் போய்விட்டது, ஜெனரேட்டரில் தண்ணீர் ஏறிவிட்டது, ஓடுபாதையில் ஒரு விளக்கு எரியவில்லை, பக்கத்து விமான நிலையங்களையெல்லாம் புயலுக்கு மூடிவிட்டார்கள், விமானம் பாதி வழிக்கு மேல் வந்துவிட்டது, அதற்குத் திரும்பிப் போக வழியில்லை. "ஒங்க கோபுரத்து வெளக்கு ஒண்ணுதாம்மா இருக்கு. சீக்கிரம் கூட்டிட்டு வாங்க."

கோபுரத்தின் தலையில் சுழல்கிற விளக்குக்கும் மேலே இருந்த ரேடியோவுக்கும் தனியாகப் பேட்டரி உண்டு. மேகத்துக்குள்ளிருந்து வரும் விமானிக்கு அந்த விளக்கு கண்ணில் பட்டால், அதற்கு வலப்பக்கம் ஓடுபாதை என்று அர்த்தம். கோபுரம் தன் குழியில் நின்றால்தான் அந்த அர்த்தம். இப்போது அதற்கு வலப்பக்கம் இருந்தது கடல்.

மங்கை ஓடிப்போய்ப் படியேறினாள். மேலே ரேடியோ ஏற்கனவே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. தொண்டைச் செருமல் கேட்டது.

"கோபுரம், ஏழு சைபர் நாலு. ஓடுபாதை தெரியவில்லை. உங்கள் விளக்கு தெரிகிறது. அதன் வலப்பக்கம் இறங்குகிறேன்."

"இறங்க வேண்டாம்! ஏழு சைபர் நாலு, மேலே போங்கள். விளக்கு அதன் இடத்தில் இல்லை."

விமானத்தின் இரைச்சல் தலைக்கு மேலே ஏறிப் போனது.

"விளக்கு எங்கே இருக்கிறது?"

"கடற்கரையில்."

மறுபடியும் ஒரு செருமல். எப்படிப் போனது, யார் விட்டது என்று அவள் கேட்கவில்லை. அதற்காகவே அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

"எப்போது இடத்துக்கு வரும்?"

"கூட்டிக்கொண்டு வருகிறோம். எவ்வளவு நேரம் தாங்குவீர்கள்?"

"இருட்டும் வரை. அதற்குமேல் எண்ணெய் இல்லை."

மங்கை கண்ணாடியைத் திறந்து கீழே கத்தினாள். மேலே ஒரு விமானம் நிறைய ஆட்கள் சுற்றுகிறார்கள், கோபுரம் குழிக்குப் போனால்தான் அவர்களுக்குத் தரை, இல்லாவிட்டால் கடல். கஸ்பாரின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வழிந்துபோனது. கடலில் இருட்டுகிற நேரத்தில் கரை தெரியாமல் சுற்றுவது என்னவென்று அந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் இடுப்புக் கத்தியை உருவித் தான் போட்ட முடிச்சைத் தானே அறுத்தார்.

கட்டு விட்டதும் கோபுரம் ஒரு காலைத் தூக்கப் பார்த்தது. முடியவில்லை. மணல் இன்னும் இறுகப் பிடித்தது. காற்று அதன் தலையைப் பிடித்து ஆட்டியது.

"மடிக்கயித்த எடுங்கல!"

அப்புறம் நடந்ததை அந்தக் கடற்கரை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. ஊரில் இருந்த கரைமடிக் கயிறுகள் அத்தனையும் வந்தன, கயிற்றின் பின்னால் ஆட்கள் வந்தார்கள், ஆண்கள் வந்தார்கள், ஈரச் சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு பெண்கள் வந்தார்கள், அந்தோணியார் படகுக்காரனும் மாதா படகுக்காரனும் ஒரே கயிற்றில் முன்னும் பின்னுமாக நின்றார்கள், அங்கியை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு பங்குச் சாமியார் வந்தார், ஐஸ் கம்பெனி ஆட்கள் வந்தார்கள், உப்பளத்திலிருந்து கூப்பிடாமலே வந்தார்கள், ஏலேலோ என்று ஒருவர் எடுத்துக் கொடுக்க ஏலேலோ என்று கரை முழுவதும் வாங்கிக்கொள்ள, ஒரு கால் வந்தது, இரண்டாவது வந்தது, மூன்றாவது வரமாட்டேன் என்று நின்று பிறகு வந்தது, நான்காவது வந்த வேகத்தில் பாதிப் பேர் மல்லாக்க விழுந்து எழுந்தார்கள். கோபுரம் நின்றது, ஆனால் காற்றில் நிற்க முடியாமல் தள்ளாடியது. அதனால் கயிறுகளை அவர்கள் விடவில்லை. நான்கு பக்கமும் இழுத்துப் பிடித்து, காற்று கடலிலிருந்து தள்ளினால் கடல்பக்கத்தார் பின்னால் சாய்ந்தும், சுழன்று வந்து தேரியிலிருந்து தள்ளினால் தேரிப்பக்கத்தார் சாய்ந்தும், அந்தப் பெரிய உருவத்தைச் சாயாமல் நடத்திக்கொண்டு போனார்கள். உப்பளத்து வரப்புகளைத் தாண்டி, விழுந்து கிடந்த பனைகளைச் சுற்றி, செம்மண் சேற்றில் முட்டி வரை இறங்கி ஏறி, ஊரே கயிற்றில் தொங்கிக்கொண்டு போனது. அவர்களைப் போல ஆட்களை நான் பார்த்ததில்லை என்று சொல்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

அந்தக் கயிறுகளில் ஒன்றின் தலைப்பை, உச்சியில் கண்ணாடி அறையின் ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, மேஜையின் இரும்புக் காலில் முடிந்திருந்தார்கள். பாதி வழியில் அந்த முடிச்சு நழுவியது. மங்கை பார்த்துவிட்டாள். கூப்பிட்டால் காற்றில் யாருக்கும் கேட்காது. கயிற்றை இடது கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்து, சுவரில் காலை உதைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வலது கையில் மைக்.

"ஏழு சைபர் நாலு, கோபுரம். வந்துகொண்டிருக்கிறோம்."

"பார்த்துக்கொண்டிருக்கிறேன். விளக்கு நடக்கிறது."

"பயணிகள் எப்படி இருக்கிறார்கள்?"

"எல்லோரும் ஜன்னல் பக்கம் வந்துவிட்டார்கள். யாரும் உட்கார மாட்டேன் என்கிறார்கள்."

மேகம் இருட்டிக்கொண்டு வந்தது. கயிறு அவள் கையில் இழுபடும்போதெல்லாம் சூடாக ஏதோ ஓடியது. எதிரே ஓடுபாதை கறுப்பாக ஈரத்தில் மினுங்கியது. தங்கப்பழம் ஒற்றை டார்ச்சை வைத்துக்கொண்டு குழிகளுக்குப் பக்கத்தில் நின்று, லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்வது போல, வா வா வா, போதும் என்று கைகாட்டினார். கோபுரம் தன் நான்கு காலையும் தன் நான்கு குழிகளில் இறக்கியது. இந்தத் தடவை பாதங்களைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"ஏழு சைபர் நாலு," என்றாள் மங்கை. "விளக்கு இடத்தில் இருக்கிறது. வலப்பக்கம் இறங்க அனுமதி."

விமானம் மேகத்தைக் கிழித்துக்கொண்டு வந்து, ஒரு தடவை குதித்து, தண்ணீரை இருபுறமும் வாரி இறைத்து, ஓடுபாதையின் கடைசியில் போய் நின்றது. கயிற்றோடு நின்றவர்கள் அங்கங்கே சேற்றிலேயே உட்கார்ந்தார்கள். யாரும் கை தட்டவில்லை, மூச்சு வாங்கவே நேரம் போதவில்லை.

சாலையில் பனைகள் விழுந்து கிடந்ததால் பயணிகள் அன்றைக்கு எங்கும் போக முடியாது என்று ஆயிற்று. அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில், பெட்டிகள் வந்து சேரும் கூடத்தில், நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றார்கள். கஸ்பார் அவர்களை ஒரு பார்வை பார்த்தார், தன் ஆட்களை ஒரு பார்வை பார்த்தார். கயிறு இழுத்தாயிற்று, மடி கரையேறிவிட்டது, அடுத்து செய்ய வேண்டியது ஒன்றுதானே?

"வாங்கல, வந்து கையை நீட்டுங்க," என்றார்.

தடம் பார்த்துத் தடம் பார்த்துப் பயணிகளைக் கூறு போட்டார். இந்தக் குடும்பம் அந்தோணியார் வீட்டுக்கு, அந்தப் பெரியவரும் அவர் சம்சாரமும் மாதா படகு வீட்டுக்கு, கைக்குழந்தைக்காரி இஞ்ஞாசியம்மாளுக்கு. வாங்கியவர்கள் வாங்கிய கையோடு, "வாங்க, எங்க வீட்ல கருவாட்டுக் கொழம்பு, திம்பீயளா?" என்று கூட்டிக்கொண்டு போனார்கள்.

"என்ன நடக்குது இங்க?" என்று கேட்டார் கோட்டு நனைந்த ஒருவர். அவர்தான் பத்ரிநாராயணன்.

"கூறு வைக்கோம் சார். செத்த சும்மா நில்லுங்க. நீங்க கோபுரத்துக்கு."

அவரைக் கோபுரத்துக் கூறாக மேலே ஏற்றிவிட்டார்கள், இஞ்ஞாசியம்மாள் ஒரு தூக்கில் சோறும் கொடுத்தனுப்பினாள். மறுநாள் வெயில் வந்ததும் கோபுரம் அவரையும் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போனது. திரும்பி வந்தபோது கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டியிருந்தார், கையில் ஒரு கூறு சாளை இருந்தது, உள்ளங்கை சிவந்திருந்தது. கோபுரம் அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது என்று தலைமை அலுவலகத்துக்குப் போனில் சொன்னார். அப்போது எங்கிருந்து பேசினார் என்று அவர்களும் கேட்கவில்லை.

ஆனால் அது மறுநாள். அந்த மாலை கூடம் காலியானபோது கடைசியாக ஒரே ஒரு கூறு மிச்சம் இருந்தது. சீருடை போட்ட ஒரு குள்ளமான பெண், ஈரமான ஷூக்களைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் எடை பார்க்கும் மெஷின் பக்கத்தில் நின்றாள்.

"இது யாருக்கு?" என்றார் கஸ்பார். எல்லோரும் வாங்கியாயிற்று. அவர் திரும்பிப் பார்த்தார். மங்கை படியிறங்கி வந்து, வழக்கம்போலக் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, ஓரமாக நின்றிருந்தாள்.

"மவளே. கையைக் காட்டு."

"நான் மேலதானே அண்ணாச்சி இருந்தேன். கீழ வந்து இழுக்கல."

இஞ்ஞாசியம்மாள் அவள் இடது கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து விரித்தாள். கஸ்பார் அரிக்கேன் விளக்கைக் கிட்டே கொண்டுவந்தார். மச்சினன் கையைப் பார்ப்பது போலவே நிதானமாகத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கைத் தோல் ஒரு பட்டையாக உரிந்து, கயிற்றின் முறுக்குகூட அப்படியே பதிந்திருந்தது.

"தடம் தடந்தான்," என்றார். "ஒரு கூறு ஒனக்கு. எடுத்துக்க மவளே."

மங்கை நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தாள். காதோரம் நரைத்திருந்தது, மூக்கில் கண்ணாடி அழுத்திய வடு இருந்தது, கன்னத்தில் ஒரு மச்சம். அந்தப் பெண் ஏதோ சொல்ல வந்து, அதற்கு முன்னால் ஒரு தடவை தொண்டையைச் செருமினாள்.

"ஏழு சைபர் நாலு?" என்றாள் மங்கை.

"கோபுரமா நீங்க? நானு நளாயினிங்க."

"மங்கையர்க்கரசி."

இத்தனை வருஷமாக இறங்கலாம், ஏறலாம், நன்றி என்பதைத் தவிர வேறு எதுவும் பேசிப் பழக்கமில்லாதவர்கள். மங்கைதான் முதலில் கேட்டாள்.

"சாப்ட்டீங்களா?"

நளாயினி இல்லை என்று தலையாட்டினாள். அவள் கண் நிறைந்துவிட்டது. மங்கை நல்ல கையால் அவளுடைய ஷூக்களை வாங்கிக்கொண்டு, இஞ்ஞாசியம்மாள் வீட்டுக்கு வழிகாட்டி முன்னால் நடந்தாள்.